முழு டேங்க்

லிட்டருக்கு நாலு ரூபாய் மிச்சமென்று
முள்ளோடையில் வாய்வரை நிரப்பிய மறுநாள்
செம்மண்டலம் சிக்னலில் வண்டி படுத்துக்கொண்டது.
டேங்கின் அடியில் ரப்பர் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டினால்
நூறடி ஓடும்.
அப்புறம் மறுபடி தட்டு.

பம்ப்தான் என்றார் தாவூத்.
"காலி டேங்க்னா லேசு.
நீங்க தளும்பத் தளும்பக் கொண்டாந்திருக்கீங்க."
எட்டாயிரத்து ஐநூறு சொன்னார்.
பம்பை மட்டும் இரண்டாயிரத்து எழுநூறுக்கு வாங்கி மடியில் வைத்துக்கொண்டு
கயிறு கட்டி இழுத்து வந்தோம்,
முன்னால் கொழுந்தன் ஆட்டோ,
பின்னால் எங்கள் மானம்.

ஞாயிறு. வண்ணாரப்பாளையம்.
கேட் இரண்டு பக்கமும் திறந்தாயிற்று.
அடுப்பு கூடாது, ஊதுவத்தி கூடாது,
போன்கள் இரண்டும் காம்பவுண்டுச் சுவர்மேல்.
சிப்காட்டில் சாயக் கம்பெனி லேபில்
பதினோரு வருடம் மூக்கை அடகு வைத்தவள் நான்,
எந்த வாசத்துக்குப் பயப்படவேண்டும் என்று தெரியும்.
ஃபியூஸைப் பிடுங்கிச் சாவியைத் திருகினேன்.
குழாயில் மிச்சமிருந்ததைக் குடித்து
இருமி
அணைந்தது இஞ்சின்.
பேட்டரியில் மைனஸைக் கழற்றினேன்.
அறவாழி கைப்பம்பால் இரும்புக் கேன்களில் இறைத்தார்,
ஒவ்வொரு கேனுக்கும் நாலு ரூபாய்க் கணக்கைச் சொல்லிக்கொண்டே.

பின்சீட்டைத் தூக்கினால்
சில்வர் பீச்சில் பாதி இங்கேதான் இருக்கிறது.
மணல், சுண்டல் பட்டாணி, சிவப்புக் கிரேயான்,
ஜிப்மர் டோக்கன் இருநூற்றுப் பதினாலு.
எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்தில் வழித்துப் போட்டேன்.
நடுவே தகர மூடி, நாலு திருகாணி.
உப்புக்காற்று நக்கிய நாலு.
மூன்று வந்துவிட்டன.
நாலாவதன் தலை மழுங்கிப்போய்
சும்மா சும்மா சுற்றியது.
ரப்பர் பேண்டை இடையில் கொடுத்து அழுத்தித் திருக,
முனகிக்கொண்டே வந்தது.
கிண்ணத்தில் போட்டு எண்ணினேன்.

ஐந்து.

ஐந்தாவதில் துரு இல்லை.

மூன்று வருடத்துக்கு முன்
தோடு தலையணையில் கிடந்தது,
திருகாணியை மட்டும் காணோம்.
அரைக் கிராம்கூட வராது.
தோட்டை விட்டுவிட்டுத் திருகாணியை எடுப்பாளா என்று
அறவாழி அன்றைக்கே கேட்டார்.
நான் திருட்டு என்ற வார்த்தையைச் சொல்லவில்லை.
"ரெஜினா, நாளையிலிருந்து வேண்டாம்" என்றேன்.
அவள் ஏன் என்று கேட்கவில்லை.
பிள்ளையின் பால் புட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு
செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

போன் சுவர்மேல் இருந்தது.
ஆவி அடங்கும்வரை தொடக்கூடாது.
தொடக்கூடாது என்பது
அந்த நேரத்துக்கு வசதியாகவும் இருந்தது.

வயர் கிளிப்பை விடுவித்தேன்.
குழாய் முனையில் துணியைச் சுற்றிப் பிடுங்க
ஒரு மடக்கு பெட்ரோல் மணிக்கட்டில் ஓடியது, ஐஸ் மாதிரி.
பம்பை நேராகத் தூக்க முடியாது.
மிதவைக் கம்பி இடிக்காமல்
கொஞ்சம் சாய்த்து, கொஞ்சம் திருப்பி,
கோபித்துக்கொண்டு படுத்த பிள்ளையைக் கட்டிலிலிருந்து எடுப்பதுபோல.
அடியில் வலை முழுக்கக் கறுப்புக் கசடு.
இதன் வழியாகத்தான் இத்தனை நாள் உறிஞ்சியிருக்கிறது.
புதுசை இறக்கினேன். வளையம் புதுசு.
மழுங்கியதைத் தூக்கிப் போட்டுவிட்டு
மூடியை மூன்றால் மூடினேன்.
இறைத்ததையெல்லாம் திரும்ப ஊற்றினோம்.
வெகு நேரம் காற்றுக்கு விட்டோம்.

பேட்டரி. ஃபியூஸ்.
சாவியை ஒரு கட்டம் மட்டும் திருப்பினேன்.
பின்னாலிருந்து இரண்டு நொடி
ம்ம்ம் என்றது.
இரண்டாவது கட்டத்தில் பிடித்துக்கொண்டது.

சோப்பு மூன்று தடவை. வாசம் போகவில்லை.
அறவாழி முன்சீட்டில் உட்கார்ந்து கேட்டார்:
"ஒரு ரவுண்டு பார்ப்போமா, எங்கே?"
"ஓ.டி. பக்கம்."
ஆஷ்ட்ரேயில் தனியாகக் கிடந்ததை அவர் பார்த்தார்.
"அவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாளா?"

தெரியாது.
டேங்க் நிறைய இருக்கிறது.