வே பில்

சத்தியவேட்டில் டைல்ஸ் ஏற்றி வந்தால்
ஊத்துக்கோட்டை செக்போஸ்ட்டில் ஒரே கேள்வி:
பில் எங்கே?
காட்டினால் கம்பம் எழும்பும்.
ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குப் பதினாறு டன்
கொட்டாவி விடுவதற்குள் போய்விடும்.

என் மகள் தேஜஸ்வினி
அதே ரோட்டில் ரெண்டு வருஷம் பஸ்ஸில் போனாள்.
எலெக்ட்ரிக்கல் குரூப்.
மோட்டாருக்குக் காயில் சுற்றப் படித்தாள்,
கம்பி கீறிய விரலால் சோறு பிசைய முடியாமல்
ஸ்பூன் கேட்டாள்.
"தொழில் குரூப்பா..." என்று இழுத்தார்கள் சொந்தத்தில்,
மார்க் வராத பிள்ளைக்கு
ஓரமாக விரிக்கிற பாய் அது என்பதுபோல.

போன வருஷம் பாலிடெக்னிக் கவுன்ட்டரில்
மார்க் ஷீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.
தெலுங்கில் ஒரு முத்திரை, இங்கிலீஷில் ஒரு கையெழுத்து.
"அந்தப் பக்கம் படிச்சது
இந்தப் பக்கம் எத்தனைன்னு எங்களுக்குத் தெரியாதும்மா.
முதல் வருஷத்துலேருந்து ஆரம்பி."
சுற்றிய காயிலை அவிழ்த்து
மறுபடி சுற்று என்பதுபோல.
அவள் சேரவில்லை.
பம்ப்செட் கடைக்குப் போனாள். நாள் கூலி முந்நூற்றைம்பது.

இந்த ஆனியில் ஆணை வந்தது.
பள்ளியில் கற்ற தொழிலுக்குக் கல்லூரியில் கிரெடிட்டாம்,
நேராக இரண்டாம் வருஷமாம்,
பக்கத்து மாநிலமும் சேர்த்தியாம்.
கிரெடிட் என்றால் எனக்குத் தெரிந்தது
டீசல் பங்க் நோட்டில் எழுதுவது,
மாசக் கடைசியில் தலையைச் சொறிவது.
"இது நாம கொடுக்கவேண்டியது இல்லப்பா,
நமக்கு வரவேண்டியது" என்றாள்.

முழுசும் வரவில்லை.
காயில் சுற்றியதற்குக் கிடைத்தது, வயரிங்குக்குக் கிடைத்தது,
கணக்குக்கு இல்லை.
ஆடி முழுக்க சனி ஞாயிறு வகுப்பு, பரீட்சை வேறு.
திட்டிக்கொண்டேதான் போகிறாள்.

சேர்க்கைத் தாளின் நகலை
ஆர்.சி., இன்ஷூரன்ஸ், புகைச் சான்று இருக்கும்
பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே வைத்திருக்கிறேன்.
ஏனென்று கேட்காதீர்கள்.
நேற்று ராத்திரி டார்ச் அடித்துப் புரட்டியவர்
அதில் வந்து நின்றார்.
"இது என்ன லோடு?"
"ரெண்டு வருஷம் சார். எடை போட்டாச்சு."
அவர் சிரிக்கவில்லை.
டீ சொட்டிய மூலையைச் சட்டையில் துடைத்து
உறைக்குள் திருப்பி வைத்தார்.
பின்னால் ஒரு காய்கறி வண்டி
ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.