ஜிப் விற்பவளின் ஜிப்

தோர்தோய் சந்தையில் ஏழாம் வரிசை.
கப்பலேறிக் களைத்த இரும்புப் பெட்டி ஒன்று
என் கடை.
ஜிப் விற்கிறேன்.
உலோகப் பல், நைலான் பல்,
மீட்டர் கணக்கில், மூட்டைக் கணக்கில்.
பல்லைப் பல்லோடு கோத்துவிடுவது என் பிழைப்பு.

போன வசந்தத்தில் பணம் கட்டி ஒரு வகுப்பில் சேர்ந்தேன்.
மூன்று நொடிக்குள் ஆளைப் பிடி என்றார்கள்.
முகத்தில் வெளிச்சம் விழட்டும் என்றார்கள்.
'நீங்களும் என்னைப் போலவா?' என்று தொடங்கு,
பார்ப்பவர் ஒட்டிக்கொள்வார் என்றார்கள்.
வட்ட விளக்கு வாங்கினேன். உதட்டுக்குச் சாயம்.
நீங்களும் என்னைப் போலவா என்று
பிஷ்கெக் முழுவதையும் கேட்டேன்.
முப்பத்தெட்டுப் பேர் பார்த்தார்கள்.
அதில் ஒன்பது பேர் நான்தான்,
வேறு வேறு நேரத்தில்.

பிறகு ஜனவரி.
பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தொன்று.
பூட்டுக்குள் மூச்சை ஊதித் திறக்க வேண்டிய காலை.
நேரலையில்,
'எந்தக் குளிருக்கும் சிக்காது எங்கள் ஜிப்'
என்று சொல்லிக்கொண்டே என் கோட்டைத் திறந்தேன்.

சிக்கியது.

மேலே வரவில்லை, கீழே போகவில்லை.
இழுத்தேன். பல்லால் கடித்து இழுத்தேன்.
எதிர்க்கடை சொனுன்,
பொத்தான் விற்பவள்,
இரண்டு கையாலும் என்னைப் பிடித்து உலுக்கினாள்.
சுமைவண்டிக்காரன் 'வழி, வழி' என்று கத்திக்கொண்டே வந்து
வழியை மறந்து நின்றான்.
தலைவழியாகக் கழற்றப் பார்த்தேன், தலையும் மாட்டிக்கொண்டது.
கோட்டுக்குள்ளிருந்து என் குரல் மட்டும்:
'அந்தப் போனை யாராவது அணைத்துத் தொலையுங்கள்!'

ஒருவரும் அணைக்கவில்லை.
இரண்டு லட்சம் பேர்.

மாஸ்கோவில் இரவெல்லாம் தரை துடைப்பவள் எழுதினாள்:
மூன்று குளிர்காலமாக என் கோட்டும் தலைவழிதான்.
ஒருத்திக்குக் கல்யாண உடையில் நடந்ததாம்,
வெளியே நாற்பது பேர் காத்திருக்க.
ஒருவர், பெயரில்லை, படமில்லை:
அந்தக் கோட்டுக்குள் இருட்டு எப்படி இருக்கும்
என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் நான் செய்ததைச் சொல்ல வெட்கம்.
அதே கோட்டு. குறட்டால் ஒரு பல்லை வளைத்துவிட்டு
மறுபடி சிக்கினேன்.
மறுபடி கத்தினேன்,
இந்த முறை கொஞ்சம் அழகாக.
பதினோராம் நொடியில் ஒரு பையன் எழுதினான்:
'அக்கா, நேற்று சிக்கியது.
இன்று சிக்க வைத்திருக்கிறீர்கள்.'

திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன்.
அக்கா என்றல்லவா சொன்னான்.
வளைத்த பல்லை நிமிர்த்தப் போனேன், உடைந்தது.

கணக்கும் சொல்லிவிடுகிறேன்.
இரண்டு லட்சத்தில் ஜிப் வாங்கியவர்கள் நால்வர்.
ஒருவர் திருப்பிக் கொடுத்துவிட்டார்.
சொனுனுக்குத்தான் வியாபாரம்:
ஊரே பொத்தானுக்கு மாறிவிட்டது.
அவள் எனக்கு இரண்டு சம்சா வாங்கித் தந்தாள்.
வேண்டாமென்று சொல்லப் பசி விடவில்லை.

நேற்று கடையடைக்கும் நேரம்.
விளக்கை அணைத்து, போனைப் பைக்குள் போட்டு,
யாரும் பார்க்காத இரும்புப் பெட்டிக்குள்
கோட்டைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டு நின்றேன்.
ஆட்டுக்கொழுப்பு வாசனை.
என் மூச்சு எனக்கே திரும்பி வந்தது.
வகுப்பில் யாரும் சொல்லித்தராத ஓர் இடம் அது.

சொனுன் கதவைத் தட்டினாள், கடைசி பஸ் போய்விடும் என்று.

பஸ்ஸில் ஜன்னல் முழுக்கப் பனி.
கையுறையைப் பல்லால் உருவிவிட்டு
பெயரில்லாதவருக்கு எழுதினேன்:
தெரியும் என்றீர்களே,
நீங்கள் எப்படி வெளியே வந்தீர்கள்?

இன்னும் பதில் இல்லை.
மூன்று புள்ளிகள் தோன்றுகின்றன,
மறைகின்றன,
தோன்றுகின்றன.