குப்புறப் படுத்திருக்கும் சுகிர்தாவுக்கு

பத்து நாளைக்கு நிலத்தைத்தான் பார்க்க வேண்டும்
என்று டொக்டர் சொல்லிவிட்டார்.
கழன்ற விழித்திரையை
கண்ணுக்குள் ஒரு வாயுக்குமிழ்
முட்டுக்கொடுத்துப் பிடித்திருக்கிறதாம்.
நிமிர்ந்தால் அது இடம் மாறும்.
விமானம் ஏறினால் ஊதிப் பெருக்கும்.
ஆகவே டொரண்டோவில் உன் தம்பியின் கலியாணம்
நீ இல்லாமல்தான்.
எட்மன்டனில், மைனஸ் முப்பத்தொன்றில்,
கட்டிலுக்குக் கீழே சாம்பல் நிறக் கம்பளம்,
அதில் ஒரு தேத்தண்ணிக் கறை.
உனக்கு இப்போதைக்கு அவ்வளவுதான் உலகம்.

பூங்கொத்து அனுப்பி என்ன செய்ய?
ஒலிப்புத்தகம் சொல்கிறேன், கேள்.
தபால் பிரிக்கும் கூடத்தில் எட்டு வருட இரவுகள்
ஒரு காதை இயந்திரத்துக்கும்
மற்றதை இவற்றுக்கும் கொடுத்தவள் நான்.

முதலில் அந்தக் கலங்கரை விளக்கக்காரன்.
பதினொரு மணித்தியாலம், ஒன்றுமே நடக்காது.
கண்ணாடி துடைப்பான். எண்ணெய் ஊற்றுவான்.
ஆறாம் மணித்தியாலத்தில் ஒரு படகு வரும்,
அதுவும் வழி தவறி.
வாசிக்கிறவருக்குத் தடிமன் போல,
அத்தியாயம் முடிய எச்சில் விழுங்குவது கேட்கும்.
அதை வெட்டாமல் விட்டவர்
நன்றாக இருக்கட்டும்.
கழுத்து நோகும் முதல் இரவுக்கு அது.

கொலைக் கதை என்றால் ஒன்று உண்டு.
சமையல்காரிதான் கொன்றாள்.
ஐயோ, சொல்லிவிட்டேனா?
பரவாயில்லை, அவள் வெங்காயம் அரிகிற இடத்துக்காகவே கேட்கலாம்.
வாசிக்கும் பெண்
ஒவ்வொரு சொல்லையும் பலகையில் வைத்து வெட்டுவாள்.
அதைக் கேட்ட கிழமை
லெத்பிரிட்ஜுக்குப் போக வேண்டிய மின்சார பில்கள்
யெலோநைஃப் பார்த்துத் திரும்பின.
சூப்பர்வைசர் என்னைத் தனியே கூப்பிட்டான்.

அழுது வாசிக்கிறவர்கள் பக்கம் மட்டும் போகாதே.
விருது வாங்கிய குரல் என்பார்கள்.
தாய் சாகும் இடத்தில் அவரே விம்மி முடித்துவிடுவார்,
நமக்கு ஒரு சொட்டு மிச்சம் வைக்கமாட்டார்.
உனக்கோ இப்போது
கட்டு நனையக் கூடாது.

வேகத்தையும் கூட்டாதே.
என் மகன் இரண்டு மடங்கில் ஓடவிட்டுக் கேட்பான்.
அவன் புத்தகங்களில் எல்லாரும்
பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டே காதலிக்கிறார்கள்.

தமிழில் இருக்கிறதா என்று கேட்டாய்.
இருக்கிறது. பாதிப்பேர்
புயல் எச்சரிக்கை போல வாசிக்கிறார்கள்.
ஆனால் உப்பளத்துச் சகோதரிகள் கதையைத் தேடி எடு.
பேசாமல் பிரிந்த இருவர்,
ஒன்பது வருடம் கழித்து வாசலில்.
மூத்தவள் கேட்கிறாள், "சாப்பிட்டியா?"
வாசிப்பவர் அங்கே நாலு விநாடி நிற்கிறார்.
நான் மூன்று தரம் பின்னுக்குப் போய்
அந்த நாலு விநாடியைக் கேட்டேன்.
பெட்டிகள் என்னைக் கடந்து போய்க்கொண்டிருந்தன.

ஞாயிறு இரவு உன் குரல் செய்தி வந்தது.
தலையணைக்குள் இருந்து பேசுகிறாய்:

"விளக்கக்காரனோடு நித்திரையாகிப் போனேன்,
படகு வந்ததோ தெரியாது.
இப்ப நான் உனக்கு ஒன்று சொல்கிறேன்.
கலியாணம். இரண்டு மணி நாற்பது நிமிஷம்.
தம்பி போனை அழைப்பில் விட்டு
முன்வரிசைக் கதிரையில் வைத்திருக்கிறான்.
யாரோ ஒரு மாமி
அதுக்கு மேலே இருந்துவிட்டா.
தவில் எல்லாம் பட்டுச்சேலைக்குள் அடிக்குது.
மாமியின் வயிறு இரண்டு தரம் கதைச்சது.
ஐயர் எங்கேயோ தண்ணிக்கடியில்.
வைக்கலாம் என்று விரலைக் கொண்டுபோனேன், வைக்கவில்லை.
பிறகு கெட்டிமேளம். அட்சதை போட
மாமி எழும்பினா.
அப்ப மட்டும், அடியே, அவ்வளவு தெளிவு.
அரிசி விழுகிற சத்தம்கூட.

பிறகு திரும்பவும் இருந்துவிட்டா."