கோரம்

சட்டப்படி பதினைந்து பேர் வேண்டும்.
வந்தது ஏழு.
ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக் என்று
முலுண்டிலிருந்து ஒருவர், கல்யாணிலிருந்து மூவர்
தனித்தனியே ஒரே சொற்களில்
வருத்தம் தெரிவித்திருந்தார்கள்.
நிலா வரைக்கும் பாதை தெரிந்தவர்கள்.

கூட்டக் குறிப்பை முதலில் தமிழில் கிறுக்கிவிட்டுத்தான்
மாற்றி எழுதுவேன்.
‘கோரம் இல்லை’ என்று எழுதினால்
நல்ல செய்தி போல இருக்கிறது.

சயான் மாநகராட்சிப் பள்ளி, மூன்றாம் மாடி,
ஐந்தாம் வகுப்பு, ஆ பிரிவு.
பிள்ளைகளின் பெஞ்சில் முழங்காலை மடக்கிக்கொண்டு
தலைவர் பித்ரே விதி பதினெட்டை வாசித்தார்:
அரை மணி ஒத்திவைத்து மீண்டும் கூடினால்
இருப்பவரே போதும்.
பதினொரு வருடமாக
அந்த அரை மணியில்தான் நடக்கிறது எங்கள் சங்கம்.

நான்காம் பொருளுக்கு மட்டும் அது செல்லாது.
வைப்புநிதியை உடைக்க
முழுசாகப் பதினைந்து.
எட்டு அங்குலக் கண்ணாடிக்கு மறுபூச்சு.
மூன்று மழைக்காலம்
காஜியின் குர்லா வீட்டுக் கட்டிலடியில் கிடந்து
தேமல் விழுந்துவிட்டது அதற்கு.
சனியைக் காட்டினால்
வளையம் எங்கே என்கிறார்கள் வரிசையில் நிற்பவர்கள்.
சனியை விட்டால் வேறென்ன இருக்கிறது
ஆரஞ்சுக் கூரை போட்ட இந்த ஊர் வானத்தில்?

கட்டிங் சாய் வந்தது.
சந்தா பாக்கி இருப்பதால்
யாரும் என்னை நேராகப் பார்க்கவில்லை.
வாங்கணி முகாமில் மேகத்துக்கு அடியில்
நாற்பது பேருக்குப் போஹா கிளறிய கதையை
ஹேத்தல் மறுபடி சொன்னாள்.
அன்று ஒரு நட்சத்திரமும் வரவில்லை.
போஹா மிஞ்சவில்லை.

மரியசெல்வம்
தாராவியில் தானே தைத்த தோலுறையைப் பிரித்தார்.
குழாயிலிருந்து கண்ணாடியைக் கழற்றி
நோயாளியைக் காற்றாட வைப்பது போல்
மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்த்தோம்.

கிட்டே குனிந்தால் மூக்கு பூசணிக்காய்.
பத்தடி பின்னால் போனால்
தலைகீழாய், சின்னதாய்த் தொங்குகிறோம்.
ஒவ்வொருவராய் நின்று பார்த்தோம்.
பித்ரே கையைத் தூக்கினார்.
அங்கே அது கீழே போயிற்று.
கல்லூரிப் பையன் இருவரில் தன்மய்தான்
எண்ண ஆரம்பித்தது:
நிமிர்ந்தவர் ஏழு, கவிழ்ந்தவர் ஏழு.

ஒன்று குறைகிறதே என்று
காஜி உண்மையாகவே வருத்தப்பட்டார்.

அப்போது தேமல்களுக்கு நடுவே
ஏதோ ஒன்று மினுங்கியது.
வியாழனா,
சாந்தாகுருஸில் இறங்கப்போகும் விமானமா,
நாற்பது வருடம் வானம் பார்த்த பித்ரேவுக்குத் தெரியும்.
அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித்
துடைக்க ஆரம்பித்தார்.
வெகுநேரம் துடைத்தார்.

ஏழு ஐம்பதுக்கு மீண்டும் கூடினோம்.
முன்மொழிந்தவர் ஹேத்தல், வழிமொழிந்தவர் மரியசெல்வம்.
எட்டணா பிசகாத கணக்குப் புத்தகத்தைத்
தள்ளி வைத்துவிட்டு
வந்தவர் எண்ணிக்கைக்கு நேரே
பதினைந்து என்று எழுதினேன்.

கையெழுத்து ஏழோடு நின்றது.
தன்மய் தாளைத் தலைகீழாகத் திருப்பி
இன்னொரு முறை போட்டான்.
பின்னாலேயே எல்லோரும், நானும்.

பதினைந்தாம் வரி காலி.
புதன்கிழமை வங்கியில் கேட்டால்
அவர் இன்னும் இறங்கவில்லை என்பேன்.