அடி விரிப்பு

கதவிடுக்கில் செருகியிருந்தது கடிதம்.
பென்சிலில் ஐந்தே வரி:
உங்கள் மகள் காலை எட்டரைக்கு
சமையலறையிலிருந்து ஜன்னலுக்கு ஓடுகிறாள்.
பதினோரு அடி. திரும்பிப் பதினோரு அடி.
ஏழு மணிக்குத்தான் நான் துறைமுகத்திலிருந்து வருகிறேன்.
வீபெ, மூன்றாம் தளம்.

திட்டவில்லை. எண்ணியிருந்தார்.
அதுதான் சுட்டது.

ரோட்டர்டாமில் எங்கள் கட்டடத்துக்கு ஒரு விதி:
மரத்தரை போடலாம்,
காலடிச் சத்தத்தில் பத்து டெசிபலை
அடியில் கிடக்கும் விரிப்பு குடித்துவிட வேண்டும்.
முன்னால் குடியிருந்தவர் போட்ட தரையை
மூலையில் நெம்பிப் பார்த்தேன்.
பழைய செய்தித்தாள்,
அதன்மேல் பொட்டலம் கட்டும் நுரைத்தாள்.
சுவருக்குக் காது உண்டென்பார்கள்.
எங்கள் தரைக்கு வாயே இருந்திருக்கிறது.

"இருப்பதிலேயே தடிமனானதைக் கொடுங்கள்" என்றேன் கடையில்.
யெல்டே தலையை ஆட்டினான்.
"மெத்தைமேல் பலகை போட்டால்
மிதிக்க மிதிக்க அமுங்கும்,
ஓரத்து நாக்குகள் ஒவ்வொன்றாய் முறியும்,
அடுத்த வருடம் வந்து என்னைத் திட்டுவீர்கள்."
அப்புறம் வரிசையாய்க் கேட்டான்:
அடித்தளம் கான்கிரீட்டா? ஈரம் ஏறுமா?
தரைக்குள் வெந்நீர்க் குழாய் ஓடுகிறதா?
கீழே யார் இருக்கிறார்கள்?

கடைசிக் கேள்விக்கு
எனக்கு ஒரு இருமல் தெரியும்.
ஒரு வானொலி தெரியும்.
ஏழேகாலுக்குக் கழன்று விழும்
இரண்டு பூட்ஸ் தெரியும்.
முகம் தெரியாது.

ஐந்து மாதிரித் துண்டுகளோடு படியிறங்கி
ஆறு வருடத்தில் முதல்முறையாக மணியடித்தேன்.
சிவந்த கண், கலைந்த தலை, கையில் துடைப்பம்.
ஒப்பந்தம் இதுதான்:
மேலே நாங்கள் குதிப்போம்,
கேட்டால் அவர் கூரையைத் தட்டுவார்.

நுரை. டொக்.
மரநார். டொக்.
ஃபெல்ட். யோசித்து, டொக்.
ரப்பரின் நெடிக்கு
ஃபென்னா மூக்கைப் பிடித்துக்கொண்டு குதித்தாள்.
எங்கிருந்தோ ஒரு சின்ன டொக்.
தக்கை.
ஃபென்னா குதித்தாள். இன்னொரு தடவை குதித்தாள்.
எழுபத்தெட்டு கிலோவோடு நானும் குதித்தேன்.
ஒன்றுமில்லை.

வெற்றி வெற்றியென்று இறங்கி ஓடினேன்.
கதவு ஒருக்களித்துக் கிடந்தது.
துடைப்பம் மடியில் சாய்ந்திருக்க
நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தார் மனிதர்.

தக்கையா, தூக்கமா?
எதற்குக் காசு கொடுப்பது?

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகருமாம்.
வீபெ எங்கே நகர்வார்?
ஓய்வூதியத்துக்கு இன்னும் நான்கு வருடம்,
அதுவரை இரவெல்லாம் கிரேன் உச்சியில்
பெட்டிகளைப் பூப்போல இறக்க வேண்டும்.

தக்கையையே வாங்கினேன்,
காதும் காதும் வைத்தாற்போல்
இரண்டே நாளில் தரை முடிந்தது.
யெல்டே சொல்லாத ஒன்று:
இது ஒருவழிப் பாதை.
எங்கள் காலடி கீழே போகாது.
அவர் இருமல் மேலே வரும்.
வானொலியும் வரும். பூட்ஸ் விழுவதும்கூட லேசாக.

மூன்றாம் வாரம் கதவிடுக்கில் மறுபடி பென்சில்:
பதினோரு அடி கேட்கவில்லையே.
வீடு மாறிவிட்டீர்களா?

மீந்த தக்கையில் நான்கு வட்டம் வெட்டிக்கொண்டு
இறங்கிப் போனேன்.
அவர் நாற்காலியைக் கவிழ்த்துப் பிடித்தார்,
கால்களுக்கு ஒட்டினோம்.
இரண்டாம் தளத்தில் யாரென்று
அவருக்கும் தெரியாதாம்.