இரண்டே முக்கால் கிலோ

பல்லடம் உழவர் சந்தையில்
தக்காளிக்காரர் தராசில் ஒருநாள்
வைத்தே பார்த்துவிட்டேன்.
உடம்பு, லென்ஸ், பிளாஷ் எல்லாம் சேர்த்து
இரண்டே முக்கால் கிலோ.
"கிலோ என்ன வெலைங்க?" என்றார்
கொத்தமல்லி வாங்க நின்றவர்.
நான் சிரித்தேன். பொடனி சிரிக்கவில்லை.

பதினாறு வருஷமாகத்
தீப்பிடித்த இடங்களுக்குப் போகிறவள் நான்.
காப்பீட்டுக் கம்பெனி அனுப்பும்.
சோமனூரில் தறிக்குடோன்,
காங்கயத்தில் கொப்பரைக் களம்,
அவிநாசி போகும் வழியில் பஞ்சு மில்.
கரியும் ஈரமும் கலந்த அந்த வாசம்
மூன்று துவைப்புக்கும் துப்பட்டாவை விடாது.

எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து
கழுத்தில் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே விரல் வைத்தார்.
"இங்க உங்க கேமரா தெரியுதுங்களா?"
தெரிந்தது.

கிராஸ்கட் ரோட்டுச் சந்தில், மாடிக் கடையில்
நீலத் துணி விரித்து மூன்றை வைத்தான் பையன்.
முதலாவது அழகி. ஜூம் கிடையாது.
"கிட்டப் போயி எடுக்கோணுங்க்கா."
எரிந்த கூரைக்குக் கீழே
கிட்டப் போகச் சொல்கிறான்.
இரண்டாவது, தொட்டதும் நத்தை மாதிரி மூக்கு நீட்டியது.
அந்த மூக்குக்குள் சாம்பல் போனால்?
"தும்முங்க" என்றான். கெட்டிக்காரன்.
மூன்றாவது சோப்புப் பெட்டி.
கறுப்பு. ஒரு லட்சணமும் இல்லை.
தண்ணீரில் போடலாமாம், தவறி விழுந்தாலும் பிழைக்குமாம்.
முந்நூறு கிராம்கூட இல்லை.
சுடிதார்ப் பையில் போட்டேன்.
போட்டதை உடம்பு கவனிக்கவில்லை.

"போனே போதுமேக்கா?" என்றான், கடைக்காரனாக இருந்துகொண்டே.
போனில் எடுத்தால்
பாதி எரிந்த மோட்டாருக்கு நடுவே
மேனேஜர் கூப்பிடுவார் தம்பி.

பழையதை அங்கேயே கொடுத்துவிட்டேன், ஆறாயிரத்துக்கு.
வியர்வையில் வெளுத்த வாரை மட்டும் கழற்றிக்கொண்டேன்.
ஸ்கூட்டியில் ஹெல்மெட் கட்ட ஆகும்.

புதுசுக்கு முதல் வேலை
சென்னியப்பன் தறிக்கூடம். இருபத்துநாலு தறி.
பழையதை நான் பையிலிருந்து தூக்கும்போதே
மடித்துக் கட்டிய வேட்டிகள் இறங்கும்,
பீடிகள் அணையும்,
சாம்பலுக்குப் பக்கத்தில்
கல்யாண வரிசை போல நிற்பார்கள்.
"நீங்க படத்துல வர மாட்டீங்க, தள்ளி நில்லுங்க" என்றால்
தள்ளிப்போய் அங்கேயும் விறைப்பாக நிற்பார்கள்.
அன்றைக்கு யாரும் விறைக்கவில்லை.
சோப்புப் பெட்டியை
யாரும் கண்டுகொள்ளவே இல்லை.

ராத்திரி, கம்ப்யூட்டரில்,
நாற்பத்தேழாவது படத்தின் ஓரத்தில்
சென்னியப்பன் இருந்தார்.
கருகிய பாவுக்கட்டை மேல் உட்கார்ந்து
போனில் யாரிடமோ பேசிக்கொண்டு
பல் தெரியச் சிரிக்கிறார்.

டீ ஆறிப்போகும்வரை பார்த்தேன்.
பெரிதாக்கினேன். சிரிப்புதான்.
பேரன் ஏதாவது மழலை பேசியிருக்கலாம்.
கடன்காரனுக்குச் சிரித்திருக்கலாம்.
வேறு எதற்காகவும் இருக்கலாம்.
தீப்பிடித்தவன் சிரிக்கக் கூடாதென்று
பாலிசியில் எந்த விதியும் இல்லை.
நாற்பத்தாறோடு அறிக்கையை முடித்தேன்.
முடித்தேன் என்றுதான் சொல்கிறேன்,
அழித்தேன் என்று சொல்லவில்லை.

மறு ஆய்வுக்கு வியாழக்கிழமை போனேன்.
கூடத்தில் சென்னியப்பன் இல்லை.
அவர் சம்சாரம் தெய்வாத்தாள்
எரியாத தார்க்குச்சிகளைப் பொறுக்கி
மடியில் போட்டுக்கொண்டிருந்தார்.
பைக்குள் போன கை
கேமராவைத் தொட்டதும் நின்றது.
இத்தனை வருஷம்
இரண்டே முக்கால் கிலோ சொன்னதை
இனி வாயால்தான் சொல்ல வேண்டும் போல.

"போட்டோ எடுக்கறனுங்க" என்றேன்,
காலித் தறிக்கூடம் எதிரொலிக்கிற அளவுக்கு.

"செத்த இரு கண்ணு,
மொகத்தத் தொடச்சுக்கறேன்."