மீனுக்கு ஒதுக்கீடு

மாசி மாதம், காலை ஆறரைக்குக் கிளம்பியது மிதவை.
மேலே நூற்றிருபது கான்கிரீட் பெட்டிகள்.
வட்டமாய், முக்கோணமாய் அவற்றில் ஓட்டைகள்.
ஜன்னல் என்றார் இளநிலைப் பொறியாளர்.
"மீனுக்கு வீடும்மா இது."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.
மீனவ மகளிர் சங்கம் சார்பில்
கையெழுத்துப் போட வந்தவள் நான்.
பொம்பளை ஏறினால் கடல் தாங்காது என்று முனகிய கபாலன்கூட
படிவத்தைப் பார்த்ததும் கைகொடுத்து ஏற்றினான்.

என் வீட்டை அலை எடுத்தது கார்த்திகையில்.
முதலில் குளியலறை, எட்டு நாள் கழித்து அடுப்படி.
மஞ்சள் அடித்த ஒற்றைச் சுவர் மட்டும்
பொங்கல் வரை நின்றது.
வீடு இருந்ததற்கு ஆதாரம் கேட்டவர்களுக்கு
அதைத்தான் காட்டினேன்.
மறுமுறை அவர்கள் வந்தபோது அதுவும் இல்லை.
இப்போது பெரும்பாக்கத்தில் ஏழாவது மாடி.
விடிகாலை மூன்று மணிக்கு
மீன்கூடையை ஏற்றிக்கொள்ள அங்கே பஸ் கிடையாது.

ஒன்பது பாகம் ஆழத்தில் எஞ்சின் அணைந்தது.
இதே இடம்தான்.
சாந்தோம் கோபுரத்துக்கு நேர்கீழே
எங்கள் மஞ்சள் சுவர் வரும்போது
நங்கூரக் கல்லைப் போடுவார் என் வீட்டுக்காரர்.
சுவர் போனபின் இரண்டு முறை தவறி,
இழுவலை வாரிப்போட்ட வெறும் மணலில்
தூண்டிலை இறக்கிவிட்டுத் திரும்பினார்.
இன்று ஜிபிஎஸ் எண்ணைப் பொறியாளர் சொல்லச் சொல்ல
உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

இழுவலை இதில் மாட்டினால் கிழியும்,
இனிக் கரையோரம் வரமாட்டான் என்றார்.
காசிமேட்டில் அந்த வலையைத்தான்
இழுக்கிறான் என் தம்பி தேசிங்கு.
விரல் நீளம்கூட வளராத குஞ்சுகள்,
கோழித் தீவனத்துக்குக் கிலோ பதினெட்டு ரூபாய்.
அவனுக்கு மூன்று லட்சம் கடன்.
வலை கிழிந்தால் முதல் போன் எனக்குத்தான் வரும்.

போட்டேன் கையெழுத்து.

முதல் பெட்டி இறங்கியது.
கொஞ்சம் குமிழி, கொஞ்சம் கலங்கல்,
தண்ணீர் மூடிக்கொண்டது.
ரேஷன் கார்டு யாரும் கேட்கவில்லை.

ஆடியில், ஸ்கூபா கற்றுக்கொண்ட எங்கள் குப்பத்துப் பையன்
போனில் வீடியோ காட்டினான்.
முக்கோண ஜன்னலில் ஒரு கலவா,
முகத்தை மட்டும் நீட்டிக்கொண்டு.
ரெண்டு கிலோ தேறும், ஆயிரத்து நூறு போகும் என்று
வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அப்புறம்தான் கேட்டேன்:
"பக்கத்துப் பெட்டி காலியாவா கெடக்கு?"